ரீஃப் தொட்டியில் காரத்தன்மையும் பிஎச்சும்: அளப்பதிலிருந்து டோசிங் வரை

“பிஎச் 7.8-ஐத் தாண்ட மாட்டேங்குது, எதை ஊத்தினா ஏறும்?” ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் அடிக்கடி வரும் கேள்வி இது. யாராவது பிஎச்சை ஏற்றும் ஒரு பஃபர் பாட்டிலைச் சொல்வார்கள். ஊற்றியதும் 8.2 காட்டும், மறுநாள் விடிந்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மறுபடி ஊற்றுவார்கள். இப்படியே சில நாள் போனபின் காரத்தன்மையை அளந்தால் 13 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு), அளவுக்கு மீறி அதிகம். அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல் பவளத்தின் நுனிகள் வெளுத்து, சதை பிய்ந்து, வெள்ளை எலும்பு தெரியும். இத்தனைக்கும் பிஎச் 8.0-க்கு வந்திருந்தால் பெரிய விஷயம்.

காரத்தன்மையைத் தண்ணீரில் சரிசெய்ய வேண்டும், பிஎச்சைக் காற்றில் சரிசெய்ய வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி பாட்டில்களை வாங்கவே வேண்டியிருக்காது. மீதி வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், இரண்டும் என்ன செய்கின்றன

ஒரு தண்ணீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதுதான் காரத்தன்மை. கடல்நீரில் இதற்குக் காரணம் பெரும்பாலும் பைகார்பனேட், அடுத்து கார்பனேட், கொஞ்சம் போரேட். பவளமும், சுண்ணாம்பு மேலோடு கட்டும் கோரலைன் பாசியும் எலும்புக்கூடு கட்டுவதற்கு இந்தக் கார்பனேட் சரக்கைத்தான் எடுத்துக்கொள்கின்றன, கூடவே கால்சியத்தையும். இயற்கைக் கடல்நீரில் காரத்தன்மை ஏறக்குறைய 7 டிகேஎச், கால்சியம் 410–420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1,300 பிபிஎம்-ஐ ஒட்டி இருக்கும். சில மீட்டர்கள் காரத்தன்மையை பிபிஎம்-ல் காட்டும். அதை 17.9-ஆல் வகுத்தால் டிகேஎச் கிடைக்கும். லிட்டருக்கு இத்தனை மில்லி ஈக்விவலன்ட் என்று போட்டிருந்தால் 2.8-ஆல் பெருக்குங்கள்.

தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச்சை இரண்டு விஷயங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன: காரத்தன்மை எவ்வளவு, தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு. காரத்தன்மை மாறாமல் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் பிஎச் ஏறக்குறைய 0.3 இறங்கும். கோலி சோடா சுருக்கென்று புளிப்பதற்கும் மூடிய அறையில் தொட்டியின் பிஎச் இறங்குவதற்கும் ஒரே வாயுதான் காரணம். வெளிக்காற்றில் இது 420 பிபிஎம்-க்குச் சற்று மேல். கதவைச் சாத்தி ஏசி போட்டு மூன்று பேர் தூங்கும் அறையில் 1,000 பிபிஎம்-ஐத் தாண்டுவது சாதாரணம். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது, வெளியிலிருந்து புதுக்காற்று எடுப்பதில்லை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ தொட்டி வைத்திருப்பவருக்கு பிஎச் குறைவாக இருக்கிறது என்றால் நான் முதலில் கேட்பது ஏசியைப் பற்றித்தான்.

படி 1: அளக்கும் சாமான்களை நம்பும்படி ஆக்குங்கள்

உப்பளவைச் சரிபார்க்காமல் காரத்தன்மையை அளப்பதில் பயனில்லை. உப்பு குறைந்தால் எல்லாமே அதே விகிதத்தில் குறைந்து காட்டும். இலக்கு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யத்துக்கு வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35-ல் தப்பாக இருக்கலாம். 35 பிபிடி திரவம் சின்ன பாட்டிலில் கிடைக்கும், அதை வைத்துச் சரிசெய்யுங்கள்.

காரத்தன்மைக்கு சொட்டு எண்ணும் கிட், சிரிஞ்ச் கிட், ஹன்னா போன்ற டிஜிட்டல் மீட்டர் மூன்றும் புழக்கத்தில் உள்ளன. ஒரு சொட்டுக்கு 1 டிகேஎச் என்று கணக்கிடும் கிட் மென்பவளத் தொட்டிக்குப் போதும், அக்ரோபோராவுக்குப் போதாது. சிரிஞ்ச் கிட்டில் நிறம் மாறும் அந்த ஒரு நொடிதான் எல்லாம். குப்பியை வெள்ளைத் தாளின் மேல் பிடித்து, ஒவ்வொரு சொட்டுக்கும் நன்றாகச் சுழற்றி, நீலப்பச்சை மங்கத் தொடங்கியதும் வேகத்தைக் குறைத்து, இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் சொட்டில் நிறுத்த வேண்டும். சுழற்றினால் மறையும் சிவப்பு கணக்கில் சேராது. பகலில் ஜன்னலோரமும் இரவில் டியூப்லைட் கீழேயும் மாறிமாறி அளந்தால் உங்கள் கண்ணே 0.3 வித்தியாசம் காட்டிவிடும், ஒரே இடத்தில் அளங்கள். டிஜிட்டல் மீட்டரில் கண்ணாடிக் குப்பியின் மேல் விரல்ரேகை இருந்தாலே எண் மாறும். பருத்தித் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

கிட் சரியா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். புதிதாகப் பிரித்த ஆப்பசோடா 3 கிராம் எடுத்து, ஆர்ஓ டிஐ (ஆர்ஓவுக்குப் பின் டிஐ ரெசினிலும் வடிகட்டிய) தண்ணீரில் கரைத்து 1 லிட்டர் ஆக்குங்கள். அதிலிருந்து 100 மி.லி. எடுத்து, மறுபடி ஆர்ஓ டிஐ சேர்த்து 1 லிட்டர் ஆக்குங்கள். இந்த இரண்டாவது கரைசல் 10 டிகேஎச். உங்கள் கிட் 9.4 காட்டினால் அது 0.6 குறைத்துச் சொல்லும் கிட் என்று மூடியில் எழுதி வையுங்கள், தூக்கிப் போட வேண்டியதில்லை. பேக்கிங் பவுடர் வேறு சரக்கு, அதை இதற்கு எடுக்காதீர்கள்.

பிஎச் மீட்டரின் முனையை பிஎச் 7, பிஎச் 10 என்று அளவு தெரிந்த பஃபர் திரவங்களில் மாதம் ஒருமுறை சரிபார்த்தால் போதும். முனைக்கு ஆயுள் ஒன்றிரண்டு வருடம்தான். அளவு தத்தளிக்க ஆரம்பித்தால் பவளத்தைச் சந்தேகிக்கும் முன் முனையைச் சந்தேகியுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போர்வெல் தண்ணீர் ஆகாது. குடிநீர் கேன் தண்ணீரும் ஆகாது, ஏனென்றால் ருசிக்காகத் தாது சேர்த்திருப்பார்கள். டிஐ ரெசின் உள்ள ஆர்ஓ வைத்து டிடிஎஸ்ஸை (கரைந்த பொருள்களின் அளவு) பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் நீங்கள் ஊற்றாத காரத்தன்மை, ஆவியான தண்ணீருக்கு ஈடாக விடும் டாப்-அப் வழியாகத் தினமும் உள்ளே வந்துகொண்டிருக்கும், கணக்கு எந்நாளும் ஒத்துவராது.

படி 2: ஓர் இலக்கை வைத்துக்கொள்ளுங்கள்

7 முதல் 11 டிகேஎச் வரை எந்த எண்ணிலும் அழகான தொட்டிகள் உண்டு. எந்த எண் என்பதைவிட அது அசையாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது 8 முதல் 8.5. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய பூஜ்யத்தில் ஓடும் தொட்டியில் 10-க்கு மேல் போகாதீர்கள். தீனி இல்லாமல் எலும்பு மட்டும் வேகமாக வளர்வதால் நுனி கருகும் பிரச்சினை அங்கேதான் அதிகம்.

இலக்கை முடிவு செய்யும்போது உங்கள் உப்புப் பாக்கெட்டையும் பாருங்கள். சில உப்புகள் கலக்கும்போதே 11, 12 டிகேஎச் வரும். சில 7, 8-ல் நிற்கும். தொட்டி 8-ல் இருக்க, 12 டிகேஎச் உப்பில் 10 சதவீதத் தண்ணீர் மாற்றினால் ஒரே அடியில் 0.4 ஏறும். பரவாயில்லை. 30 சதவீதம் மாற்றினால் 1.2 ஏறும், அது பவளத்துக்குத் தெரியும். ஆகவே இலக்குக்குப் பக்கத்தில் வரும் உப்பை வாங்குவது புத்திசாலித்தனம்.

கால்சியம் 400–450, மக்னீசியம் 1,250–1,400 என்று இருந்தால் போதும். மக்னீசியத்தை லேசாக நினைக்காதீர்கள். அது குறைந்த தண்ணீரில் கால்சியமும் கார்பனேட்டும் தாமாகவே சேர்ந்து ஹீட்டர் மேலும் மோட்டார் விசிறியிலும் சுண்ணாம்பாகப் படியும். எவ்வளவு ஊற்றினாலும் காரத்தன்மை ஏறவில்லை என்றால் முதலில் மக்னீசியத்தை அளந்து பாருங்கள்.

படி 3: தொட்டி தினமும் எவ்வளவு சாப்பிடுகிறது என்று கண்டுபிடியுங்கள்

இதைச் செய்யாமல் டோசிங் (செலவானதைத் தினமும் ஊற்றி ஈடுகட்டுவது) தொடங்குபவர்கள்தான் அதிகம். செய்வது சுலபம். எல்லா டோசிங்கையும் தண்ணீர் மாற்றத்தையும் நிறுத்துங்கள். இன்று இரவு 8 மணிக்கு அளந்தால், மூன்று நாள் கழித்து அதே 8 மணிக்கு அளங்கள். வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் ஒரு நாள் செலவு தெரிந்துவிடும். ஒரே நாளில் அளந்தால் கிட்டின் பிழையே உங்கள் செலவைவிடப் பெரிதாக இருக்கும், அதனால்தான் மூன்று நாள்.

எடுத்துக்காட்டாக, உண்மையான தண்ணீர் 200 லிட்டர் உள்ள தொட்டி. உண்மையான என்று சொல்வது கல், மணல் கழித்து, சம்ப் (கீழே உள்ள துணைத் தொட்டி) சேர்த்து. கண்ணாடிக் கடைக்காரர் சொன்ன லிட்டர் கணக்கு இதற்கு உதவாது. மூன்று நாளில் 8.6-லிருந்து 7.4-க்கு இறங்கியிருந்தால் நாளுக்கு 0.4 டிகேஎச் செலவு.

இந்த மூன்று நாளில் கால்சியமும் குறைந்திருக்கும், ஆனால் உங்களுக்குத் தெரியாது. பவளம் 1 டிகேஎச் எடுக்கும்போது கால்சியத்தில் 7 பிபிஎம் மட்டும்தான் எடுக்கிறது. 1.2 டிகேஎச்சுக்கு 9 பிபிஎம்-ஐ ஒட்டி. 420-ல் 9 குறைந்ததைச் சாதாரண கிட் காட்டவே காட்டாது. காரத்தன்மையோ ஏழில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. இதனால்தான் காரத்தன்மையை அடிக்கடியும் கால்சியத்தை வாரம் ஒருமுறையும் மக்னீசியத்தை மாதம் ஒருமுறையும் அளந்தால் போதும் என்கிறோம்.

செலவு எவ்வளவு என்பது உள்ளே இருக்கும் உயிர்களைப் பொறுத்தது. மஷ்ரூம், ஜோவந்திட், லெதர் போன்ற கல் எலும்பு கட்டாத பவளங்கள் மட்டும் உள்ள தொட்டியில் செலவு மிகக் குறைவு, வாராவாரம் தண்ணீர் மாற்றினாலே ஈடாகிவிடும். அந்தத் தொட்டிக்கு டோசிங் பம்ப் வாங்குவது வீண் செலவு. ஹாமர், டார்ச் போன்ற கல் பவளங்கள் வந்தபின் செலவு தெரிய ஆரம்பிக்கும். மான்டிபோரா, அக்ரோபோரா கிளை விட்டபின் தினசரி டோசிங் இல்லாமல் முடியாது. பவளம் வாங்கும்போது ஒன்று: மன்னார் வளைகுடா உட்பட நம் கடலிலிருந்து எடுத்த கல் பவளங்கள் 1972-ம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. பண்ணையில் வளர்த்து முறையான காகிதத்தோடு வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். காகிதம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

படி 4: எதை ஊற்றுவது

*ஆப்பசோடா மட்டும்.* அவசரத்துக்கு இதுதான் சுலபம். 100 லிட்டர் தண்ணீரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் ஆப்பசோடா போதும். ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரில் முழுக்கக் கரைத்து, நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். இது பிஎச்சை ஏற்றாது, முதலில் கொஞ்சம் இறக்கக்கூடச் செய்யும். பயப்பட வேண்டாம்.

*இரண்டு பாட்டில் முறை.* பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்கு என் சிபாரிசு இதுதான். ஒரு பாட்டிலில் சோடியம் கார்பனேட், இன்னொன்றில் கால்சியம் குளோரைடு. வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி இதற்கான வீட்டுத் தயாரிப்பு முறையை விளக்கி எழுதியபின் உலகம் முழுக்கப் பரவியது. லிட்டர் கணக்கில் இப்படிச் செய்யலாம்:

காரப் பாட்டில்: சோடியம் கார்பனேட் 100 கிராம், ஆர்ஓ டிஐ சேர்த்து 1 லிட்டர்.
கால்சியம் பாட்டில்: கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 140 கிராம், ஆர்ஓ டிஐ சேர்த்து 1 லிட்டர். நீரற்ற கால்சியம் குளோரைடு என்றால் 105 கிராம்.

இந்த அளவில் 19 மி.லி. காரக் கரைசல் 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்றும். கால்சியத்தையும் அதே 19 மி.லி. ஊற்றினால் இரண்டும் பவளம் எடுக்கும் விகிதத்திலேயே போய்ச் சேரும். நம் எடுத்துக்காட்டுத் தொட்டிக்கு 0.4 × 2 × 19, அதாவது நாளொன்றுக்கு ஒவ்வொன்றிலும் 15 மி.லி.

நல்ல தரமான சோடியம் கார்பனேட் கிடைக்கவில்லையா? ஆப்பசோடாவை வறுத்தால் அதுவே சோடியம் கார்பனேட் ஆகிவிடும். அவனில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். அவன் இல்லையென்றால் ஸ்டீல் கடாயில் மிதமான தீயில் கிளறலாம். கொஞ்ச நேரத்தில் பொடி உயிர் வந்ததுபோல் அங்கங்கே கொப்புளித்து அலையும், நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுவதுதான் அது. அலைச்சல் முழுக்க நின்றபின் ஆறவைத்து எடை பாருங்கள். 158 கிராம் ஆப்பசோடா 100 கிராமுக்கு இறங்கியிருந்தால் வேலை முடிந்தது. 120 காட்டினால் இன்னும் வறுக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், இந்தச் சரக்கு அலுமினியத்தை அரிக்கும். முகத்தைக் கடாய்க்கு மேலே நீட்டாதீர்கள். கால்சியம் குளோரைடு கரையும்போது பாட்டில் கைசுடும் அளவுக்குச் சூடாகும், பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், ஆறியபின் மூடுங்கள்.

இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றக்கூடாது. சந்திக்கும் இடத்தில் வெள்ளையாகத் திரிந்து இரண்டுமே வீணாகும். இடையில் பதினைந்து நிமிடமாவது விடுங்கள். கையால் ஊற்றினால் காரத்தைக் காலை, கால்சியத்தை மாலை என்று பிரித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பிஎச் குறைவாக இருக்கும் அதிகாலையில்தான் கார்பனேட் கரைசல் கொஞ்சம் தூக்கிவிட்டு உதவும். டோசிங் பம்ப் இருந்தால் ஒரு நாள் அளவை எட்டு, பத்து தவணையாகப் பிரித்து, பாதிக்கு மேல் இரவில் விழும்படி வையுங்கள். பம்ப்பில் 15 என்று போட்டால் 15 விழும் என்று நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் குழாய் நாளாக நாளாகத் தளரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவுக்குவளையில் பிடித்துப் பாருங்கள்.

இந்த முறையில் சோடியமும் குளோரைடும் தொட்டியிலேயே தங்கி உப்பளவு மெல்ல ஏறும். தண்ணீர் மாற்றும்போது ரிஃப்ராக்டோமீட்டரைப் பார்த்தால் போதும், பெரிய கவலை இல்லை.

*சுண்ணாம்பு நீர்.* கால்க்வாசர் என்று ஜெர்மன் பெயரில் விற்பது கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த தண்ணீர், நம் சுண்ணாம்புத் தெளிநீர்தான். கால்சியத்தையும் காரத்தன்மையையும் சரியான விகிதத்தில் தருகிறது, கூடவே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்வதால் பிஎச்சும் ஏறுகிறது. பிஎச் குறைவாக ஓடும் ஏசி அறைத் தொட்டிக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

லிட்டருக்கு 2 கிராம் பொடியை ஆர்ஓ டிஐ தண்ணீரில் போட்டு, மூடி, குலுக்கி, சில மணி நேரம் தெளிய விடுங்கள். கொஞ்சம் கரையாமல் அடியில் தங்கும், தங்க வேண்டும். தெளிந்த மேல்நீரை மட்டும் எடுங்கள். மேலே மெல்லிய ஏடு படிந்திருந்தால் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உருவான சுண்ணாம்புக்கல், பயனற்றது. பாத்திரம் மூடியிருந்தால் ஏடு குறையும். இந்தத் தெளிநீர் 1 லிட்டர் 100 லிட்டர் தொட்டியில் 1.1 டிகேஎச் அளவுக்கு ஏற்றும். நம் 200 லிட்டர் தொட்டியின் 0.4 செலவுக்கு நாளுக்கு முக்கால் லிட்டர் கூடத் தேவையில்லை. ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக இதை இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், சம்ப்பில் வேகமாக ஓடும் இடத்தில். ஓர் இரவில் பிஎச் 0.2-க்கு மேல் துள்ளினால் வேகத்தைக் குறையுங்கள்.

இதன் பிஎச் 12-க்கு மேல். கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கலக்குங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஆட்டோ டாப்-அப் மிதவை சிக்கிக்கொண்டு வாளி முழுக்க ஒரே நேரத்தில் விழுந்தால் தொட்டி பாலாகிவிடும். அதனால் வாளியில் ஒரு நாளைக்கு வேண்டியதற்கு மேல் வைக்காதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். சரக்கு ஒன்றுதான், சுத்தம் எவ்வளவு என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. உணவுத்தரப் பொடி விலை குறைவு, அதையே வாங்குங்கள்.

சுண்ணாம்புத் துகள்களைக் கார்பன் டை ஆக்சைடால் கரைத்துத் தரும் கால்சியம் ரியாக்டர் பெரிய தொட்டிக்காரர்களின் கருவி. சிலிண்டர், ரெகுலேட்டர், கண்ட்ரோலர் என்று இழுக்கும், தொட்டியின் பிஎச்சையும் இறக்கும். 500 லிட்டருக்குக் கீழே அதைப் பற்றி யோசிக்காதீர்கள்.

படி 5: மெதுவாக ஏற்றுங்கள்

காரத்தன்மை 6-ல் கிடக்கிறது, இலக்கு 8.5 என்றால் ஒரே நாளில் தூக்கக்கூடாது. அக்ரோபோரா இருந்தால் நாளுக்கு 0.5, மற்றபடி அதிகபட்சம் 1. தினசரிச் செலவு இதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்: 0.4 செலவாகும் தொட்டியை 0.5 ஏற்ற 0.9 டிகேஎச் அளவுக்கு ஊற்ற வேண்டும்.

இலக்கைத் தொட்டபின் முதல் வாரம் தினமும் ஒரே நேரத்தில் அளங்கள். மெல்ல ஏறினால் டோஸை 10 சதவீதம் குறையுங்கள், இறங்கினால் 10 சதவீதம் கூட்டுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்து மாற்றாதீர்கள், மூன்று நாள் போக்கைப் பாருங்கள். ஒரு வாரம் 0.3-க்குள் நின்றுவிட்டால் வாரம் இரண்டு தடவை போதும். பவளம் வளர வளரச் செலவு கூடும். கால் அடி அகலம் இருந்த மான்டிபோரா தட்டு அரை அடியானால் பரப்பு நான்கு மடங்கு, பசியும் அந்தக் கணக்கில்தான்.

படி 6: பிஎச்

நல்ல தொட்டியில்கூட பிஎச் ஒரு நாளில் 0.2 முதல் 0.4 வரை ஆடும். விளக்கு எரியும்போது பாசியும் பவளத்துக்குள் இருக்கும் பாசியும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும், மாலையில் உச்சம். இரவில் எல்லாம் மூச்சு விடும், விளக்கு போடுவதற்குச் சற்று முன் அடிமட்டம். 7.8-க்கும் 8.4-க்கும் இடையில் ஆடினால் அவசரம் ஒன்றுமில்லை. 8.2-ஐ ஒட்டி வைத்தால் பவளம் எலும்பு கட்டும் வேகம் கூடும் என்பது உண்மை, ஆனால் அது காரத்தன்மை நிலையான பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

காலையில் 7.7 காட்டுகிறதா? ஒரு சோதனை செய்யுங்கள். தொட்டித் தண்ணீரை இரண்டு டம்ளரில் எடுங்கள். ஒன்றை அதே அறையில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு மணி நேரம் குமிழியிட விடுங்கள், இன்னொன்றை மாடியிலோ பால்கனியிலோ அதே மாதிரி. உள்ளே வைத்தது ஏறாமல் வெளியே வைத்தது ஏறினால் குற்றவாளி அறைக்காற்று. இரண்டுமே ஏறினால் தொட்டிக்குள் காற்று கலப்பது போதவில்லை, ஸ்கிம்மரையும் (காற்றுக்குமிழால் கழிவை நுரையாக எடுக்கும் கருவி) மேற்பரப்பு அலையையும் பாருங்கள். இரண்டுமே ஏறவில்லை என்றால் காரத்தன்மை குறைவு, அல்லது மீட்டர் பொய் சொல்கிறது.

அறைக்காற்றுதான் காரணம் என்றால் வழிகள் இவை. காலையும் மாலையும் அரை மணி நேரம் ஜன்னலைத் திறப்பது இலவசம். அடுத்தது ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விடுவது. நீளமான குழாய்க்கு உள்விட்டம் பெரிதாக வேண்டும், இல்லையென்றால் ஸ்கிம்மர் காற்று இழுக்கத் திணறும். முனையில் வலை கட்டுங்கள். மாநகராட்சி கொசுப்புகை வண்டி வரும் சத்தம் கேட்டதும் அந்தக் குழாயைக் கழற்றிவிடுங்கள். அந்தப் புகை மருந்து இறாலுக்கும் மீனுக்கும் விஷம், ஸ்கிம்மர் அதை நேராகத் தண்ணீரில் கலந்துவிடும்.

வாடகை வீட்டில் ஓட்டை போட முடியாதவர்களுக்கு சோடா லைம் நிரப்பிய குப்பி இருக்கிறது. மயக்க மருந்துக் கருவிகளில் நோயாளி விட்ட மூச்சைச் சுத்தம் செய்யப் பயன்படும் அதே மணிகள்தான். ஸ்கிம்மருக்குப் போகும் காற்று இதன் வழியே போகும்போது கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். மணிகள் ஊதாவாக மாறியதும் மாற்ற வேண்டும், மூடிய அறையில் சீக்கிரமே மாறும், செலவு கையைக் கடிக்கும். ஸ்கிம்மர் குவளையின் மேலிருந்து வெளியேறும் காற்றையே திரும்பக் குப்பிக்கு விட்டால் மணிகள் கூடுதல் நாள் தாங்கும். சம்ப்பில் கீட்டோமார்ஃபா பாசி வளர்த்து, தொட்டி விளக்கு அணைந்ததும் அதன் விளக்கு எரியும்படி வைத்தால் இரவு வீழ்ச்சி குறையும், நைட்ரேட்டும் குறையும்.

படி 7: கோளாறு வந்தால்

*ஊற்றியதும் தொட்டி வெண்பனியாகக் கலங்கினால்:* சுண்ணாம்பு வீழ்படிந்துவிட்டது. எல்லா டோசிங்கையும் நிறுத்துங்கள், ஸ்கிம்மரும் நீரோட்டம் தரும் வேவ்மேக்கரும் ஓடட்டும். கலங்கல் தெளிந்தபின் காரத்தன்மையை அளங்கள், நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். அன்றைக்கே ஈடு கட்டாதீர்கள். படிவின் துகள்கள் தண்ணீரில் இருக்கும்வரை ஊற்றுவது அதன்மேல்தான் போய் ஒட்டும். மறுநாள் மக்னீசியத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தொடங்குங்கள்.

*காரத்தன்மை 12-க்கு மேல் போய்விட்டால்:* காரக் கரைசலை மட்டும் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். வினிகர், அமிலம் என்று எதுவும் வேண்டாம். பவளம் தானே தின்று இறக்கும்.

*டோஸ் மாற்றாமலே காரத்தன்மை திடீரென்று ஏறினால்:* இதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பவளம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். வெப்பம் 29, 30-க்குப் போனதா, கரண்ட் போய் நீரோட்டம் நின்றதா, உப்பளவு மாறியதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் ஏசி பழுதான வீட்டில் இது அடிக்கடி நடக்கும். டோஸைப் பாதியாக்கிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

*காரணமில்லாமல் இறங்கினால்:* கோரலைன் பாசி கண்ணாடியெல்லாம் ஊதாவாகப் பரவியிருக்கிறதா பாருங்கள், அதுவும் நன்றாகச் சாப்பிடும். நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும் தொட்டியிலும் காரத்தன்மை குறையும்: 50 பிபிஎம் நைட்ரேட் உருவாகும்போது 2 டிகேஎச்சுக்குச் சற்று மேல் போய்விடும்.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஒரு வாரம் போக வேண்டியிருந்தால், கிளம்புவதற்கு முந்தின நாள் எதையும் புதிதாக மாற்றாதீர்கள். டோசிங் பம்ப் ஏற்கெனவே ஒழுங்காக ஓடிப் பார்த்த அளவிலேயே ஓடட்டும். சுண்ணாம்பு நீரை நிறுத்திவிட்டு டாப்-அப்பில் வெறும் ஆர்ஓ டிஐ வையுங்கள், அந்த வாரத்துக்கு இரண்டு பாட்டில் முறையில் அளவைச் சற்றுக் கூட்டினால் போதும். இந்த மாற்றத்தையும் பத்து நாள் முன்பே செய்து பார்த்துவிடுங்கள். பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியோடு மீன் தீனியை நாள்வாரியாகச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். பாட்டில்களை அலமாரிக்குள் பூட்டிவிட்டு, ஏசியை 26-ல் விட்டு, தொட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: தண்ணீர் கலங்கினால் டோசிங் பம்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எனக்கு போன் செய்யவும், மோட்டாரை நிறுத்த வேண்டாம்.